பாத்திரம் பட்டினி கிடக்கலாம், ஆட்டக்காரர் கிடக்கக்கூடாது

நேரடிப் பாத்திர விளையாட்டு என்றால் என்ன என்று நம்மவர்கள் கேட்கும்போதெல்லாம், பார்வையாளர் இல்லாத நாடகம் என்று சொல்லித் தொடங்குவதே எனக்கு எளிதாக இருக்கிறது. எழுதித் தரப்பட்ட வசனம் கிடையாது, மேடை கிடையாது, பெரும்பாலும் ஒத்திகையும் கிடையாது. காட்டிலோ பழைய கோட்டையிலோ பாடசாலை மண்டபத்திலோ கூடும் சில பத்துப் பேர், சில வேளைகளில் சில நூறு பேர், தத்தமக்கு அமைந்த பாத்திரத்துக்குரிய உடையை அணிந்து, அந்தப் பாத்திரமாகவே சில மணி நேரமோ சில நாட்களோ நடந்து, உண்டு, சண்டையிட்டு, காதலித்து, அந்தக் கற்பனை உலகத்தின் கதையைத் தாங்களே நடத்திச் செல்கிறார்கள். இதனை லார்ப் என்று அழைப்பது உலக வழக்கு. பிரித்தானியாவில் செஷயர் மாவட்டத்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 1982இல் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற பெயரில் நடத்தப்பட்ட ஆட்டத்தை அந்நாட்டு லார்ப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். நான் வாழும் நோர்வேயில், 1997இல் ஒஸ்லோவில் 'க்னூத்தபுங்க்ட்' என்ற மாநாடு முதன்முதலாக நடந்தது. அன்று முதல் அது நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளையும் ஆண்டுதோறும் மாறி மாறிச் சுற்றி வருகிறது. ஆட்டத்தை எப்படி அமைப்பது, ஆடுபவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அங்கே ஆண்டுக்கணக்காகப் பேசப்பட்டவற்றுள் பல, இன்று வேறு நாடுகளிலும் நடைமுறையாகியிருக்கின்றன.

புதிதாக வருகின்றவர்களுக்கு ஆட்டத்திறன் என்றதும் நடிப்பாற்றலும் வாள்வீச்சும் பேச்சு வன்மையுமே நினைவுக்கு வருகின்றன. ஆட்டக்காரர் நலன் என்றதும் முதலுதவிப் பெட்டியும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் நினைவுக்கு வருகின்றனர். இரண்டையும் இப்படித் தனித்தனியே வைத்துப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. நான் கண்ட சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் தம் உடம்பையும் பக்கத்தில் நிற்பவரின் முகத்தையும் இடைவிடாது கவனித்துக்கொண்டே ஆடுபவர்கள். அவர்களுடைய ஆட்டம் ஆழமாக இருப்பதற்குக் காரணமே அந்தக் கவனம்தான். இதைக் கற்றுக்கொள்ள முடியும், பயிற்சி செய்ய முடியும் என்பதை நான் மெல்ல மெல்ல உணர்ந்த விதத்தையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. முற்றுகையிடப்பட்ட ஒரு கிராமத்தைப் பற்றிய ஆட்டம் ஒன்றில் நான் கலந்துகொண்டேன். கதைப்படி தானியக் களஞ்சியம் வெறுமை. பாத்திரங்களுக்குக் கிடைத்தது ஒரு கரண்டி நீர்த்த கூழ் மட்டுமே. ஆனால் களஞ்சியத்துக்குப் பின்னால், கனத்த திரைக்கு அப்பால், அமைப்பாளர்கள் ரொட்டியும் நோர்வேக்காரர் விரும்பி உண்ணும் மண்ணிறப் பாற்கட்டியும் வாழைப்பழமும் சூடான பருப்பு சூப்பும் எந்நேரமும் வைத்திருந்தார்கள். ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனாக ஆடிய நடுவயது மனிதர் ஒருவர், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஓசையில்லாமல் திரைக்குப் பின்னால் போய், இரண்டு துண்டு ரொட்டியை நின்றபடியே மென்று, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, வெறும் பானையைச் சுரண்டித் தன் மகளுக்கு ஊட்டுவது போல ஊட்டினார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு நெஞ்சை அடைத்தது. அதே ஆட்டத்தில் உண்மையாகவே பட்டினி கிடந்தால்தான் உண்மையாக ஆட முடியும் என்று நம்பிய இளைஞர் ஒருவர், இரண்டாம் நாள் மாலைக்குள் கைகள் நடுங்கி, சிறு சொல்லுக்கும் சீறி விழுந்து, கடைசியில் ஆட்டத்தை விட்டு விலகிப் படுத்துவிட்டார். முக்கியமான இறுதி இரவை அவர் பார்க்கவே இல்லை. பசித்த உடம்பு பசியை மட்டுமே ஆடும். அதற்குப் பயமும் பாசமும் ஆட வலுவிருக்காது.

உறக்கத்துக்கும் இதே கணக்குத்தான். பல நாள் ஆட்டங்களில் இரவு முழுவதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். தூங்கினால் எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்ற பதைப்பு எல்லோருக்கும் வரும். உறக்கம் குறைந்தவருக்கு அழுகை சீக்கிரம் வரும், கோபமும் சீக்கிரம் வரும்; அது பாத்திரத்தின் அழுகையா தன்னுடைய அழுகையா என்று பிரித்தறியும் தெளிவு குறைந்துவிடும். ஆகவே எந்த நேரம் தூங்கப் போகிறேன் என்பதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்து, பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் சொல்லிவைப்பது என் வழக்கம். சொல்லிவைத்தால், நேரம் வந்ததும் அவரே வந்து இழுத்துக்கொண்டு போவார்.

நோர்வேயின் காட்டில் ஆடுபவர்களுக்கு உடை இன்னொரு பாடம். ஜூலை மாதத்திலும் உள்நாட்டுக் காடுகளில் இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டுக்கு அருகிலும் அனுமதியின்றித் தீ மூட்டுவது சட்டப்படி தடை என்பதால், நெருப்பை நம்பி இருக்க முடியாது. பருத்தி உடை நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். எனவே இளவரசியின் பட்டுக்கு உள்ளேயும் மெல்லிய கம்பளி உள்ளாடை, காலில் கம்பளிக் காலுறை, பையில் உலர்ந்த மறு சோடி. தென்கரைக் காடுகளில் உண்ணிகள் உண்டு. இரவு படுக்குமுன் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமயிரின் ஓரம் ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். நாளாந்தம் மருந்து உட்கொள்பவர் அதைப் பாத்திரத்தின் பையிலேயே, அந்த உலகத்துக்கு ஒத்த ஒரு துணிமுடிச்சில் வைத்திருப்பது நல்லது. தங்குமிடத்துப் பெட்டியில் வைத்தால், ஆட்டம் சூடு பிடித்த வேளையில் அவ்வளவு தூரம் நடந்து போக மனம் வராது.

சண்டைக் காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை எல்லா இடங்களிலும் ஓரளவு ஒழுங்காகவே கற்பிக்கிறார்கள். லார்ப் வாளின் உள்ளே கண்ணாடி இழைத் தண்டு இருக்கும், சுற்றிலும் நுரை, மேலே லேடெக்ஸ் பூச்சு. வீசும்போது கடைசிக் கணத்தில் கையை இழுத்து விசையைக் குறைக்க வேண்டும். தலை, கழுத்து, கவடு ஆகிய இடங்களில் படக்கூடாது. நுனியால் குத்தவே கூடாது, ஏனென்றால் நுரை கிழிந்தால் உள்ளிருக்கும் தண்டு வெளியே வரும். வெட்டுப்பட்டவர்தான் அந்த வெட்டுக்கு உயிர் கொடுக்கிறார் என்பதை நினைவில் வைத்தால் போதும்: மெல்லிய தொடுகைக்கும் அவர் அலறிச் சரிந்தால், வீசியவர் மாவீரராகத் தெரிவார்.

உடம்பில் படும் அடியை விட மனத்தில் படுவதைத்தான் கண்டறிவது கடினம். இதற்கென்று உருவான கருவிகளுள் எனக்கு மிகவும் பயன்பட்டது, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி எதிரில் நிற்பவருக்குக் காட்டும் சிறு சைகை. பாத்திரத்தைப் பற்றியல்ல, ஆடும் உன்னைப் பற்றிக் கேட்கிறேன், நலமா என்பது அதன் பொருள். பெருவிரலை உயர்த்தினால் தொடரலாம். விரலைத் தாழ்த்தினாலோ, உள்ளங்கையை இருபுறமும் ஆட்டினாலோ, பதிலே வராவிட்டாலோ, அந்தக் கணமே அவரை ஆட்டத்துக்கு வெளியே அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒரு சிறைச்சாலை ஆட்டத்தில் நான் விசாரணை அதிகாரி. எதிரே கைதியாக இருந்த பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மேசைக்குக் கீழே, காவலர்கள் காணாத இடத்தில், விரல் வளையத்தைக் காட்டினேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்த அதே முகத்தோடு, அவருடைய பெருவிரல் உறுதியாக நிமிர்ந்து நின்றது. அந்தக் காட்சியை நாங்கள் தொடர்ந்தோம். தான் ஆடியவற்றுள் மறக்க முடியாதது அது என்று பின்னர் அவரே சொன்னார். அன்றிரவே வேறொரு கைதியிடம் அதே சைகையைக் காட்டினேன். அவர் அழவில்லை, முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை. வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சற்றே உயர்ந்து, இருபுறமும் ஆடியது. "உன் கோப்பில் ஒரு தாள் குறைகிறது, என்னோடு அலுவலகத்துக்கு வா" என்று பாத்திரத்தின் குரலிலேயே சொல்லி அவரை அழைத்துக்கொண்டு வெளியேறினேன். மற்றவர்களுக்கு ஆட்டம் தடைப்படவில்லை. அவரும் எல்லோர் பார்வைக்கும் இலக்காகவில்லை. வெளியே போனதும் தண்ணீர் கொடுத்து, "இருக்கவா, போகவா?" என்று மட்டும் கேட்டேன். இருக்கச் சொன்னார். ஏன், என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. காரணம் கேட்பது உதவி போலத் தோன்றினாலும், கேட்கப்படுபவருக்கு அது மறுபடியும் ஒரு விசாரணை.

அழுபவர் நலமாக இருக்கலாம், அழாதவர் நலமின்றி இருக்கலாம் என்பதால் முகத்தைப் பார்த்து ஊகிப்பதை விடக் கேட்டுவிடுவதே முறை. கேட்கும் பழக்கம் ஒரு ஆட்டக் கூட்டத்தில் ஊறிவிட்டால், எல்லோரும் துணிந்து ஆடத் தொடங்குகிறார்கள். நான் எல்லை மீறினால் அவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கும்போதுதான், கொடிய அதிகாரியாக நான் முழுக் குரலில் பேச முடியும்.

சொல்லாலும் நிறுத்தலாம். ஸ்கண்டிநேவிய ஆட்டங்களில் நெடுங்காலமாக இரண்டு சொற்கள் வழக்கில் இருக்கின்றன. 'கட்' என்றால் எல்லாம் உடனே நிற்க வேண்டும். 'பிறேக்' என்றால் இதற்கு மேல் அழுத்த வேண்டாம், இந்த அளவில் தொடரலாம் அல்லது சற்றுத் தணிக்கலாம். இவற்றோடு, கண்களுக்கு மேலே கையைக் குடைபோல் வைத்துக்கொண்டு தலை குனிந்து நடந்து போகும் சைகையும் உண்டு. அப்படிப் போகின்றவரை யாரும் தடுக்கக்கூடாது, பாத்திரங்கள் அவரைக் கண்டதாகவும் காட்டிக்கொள்ளக்கூடாது. விதிகள் இவ்வளவு எளியவையாக இருந்தும், தேவைப்படும் வேளையில் பலருக்கு வாய் திறப்பதில்லை.

என் அண்ணன் மகள் தன் முதல் ஆட்டத்துக்கு வந்தபோது, பயிற்சிப் பட்டறை முடிந்த கையோடு என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் பிறேக் எண்டு சொன்னா எல்லாருக்கும் விளையாட்டுக் குழம்பிப் போகாதோ, மாமி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியின் பின்னால் எங்கள் வீட்டு வளர்ப்பு முழுவதும் நிற்பதை நான் அறிவேன். பெரியவர்கள் தட்டில் இட்டதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, சபையில் எழுந்து போகக்கூடாது, நம்மால் பிறருக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். அந்தப் பண்பு அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் அதுவே ஒரு பெண்பிள்ளையைத் தனக்குப் பிடிக்காத பிடிக்குள் அசையாமல் நிற்க வைக்கும். அவளிடம் நான் சொன்னது இதுதான்: முதல் நாளிலேயே ஒரு சின்ன விடயத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்து. கையை இறுக்கிப் பிடித்தார்களா, சத்தம் அதிகமா, கால் வலிக்கிறதா, எதுவானாலும் சரி. ஒருமுறை சொல்லி, ஒன்றும் இடிந்து விழவில்லை என்று கண்டுவிட்டால், பெரிய விடயத்துக்குச் சொல்ல நாக்கு பழகியிருக்கும். அன்று மாலையே, சந்தைக் காட்சியில் தன் தோளைப் பற்றி இழுத்த வணிகரிடம் அவள் 'பிறேக்' என்றாள். அவர் கையை எடுத்து, அரையடி பின்னால் நகர்ந்து, அதே ஆத்திரக் குரலில் பேரத்தைத் தொடர்ந்தார். அவள் தூரத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், இனி இவள் தன்னைப் பார்த்துக்கொள்வாள் என்று தெரிந்தது.

நல்ல அமைப்பாளர்கள் இந்தச் சொற்களைப் பட்டறையில் எல்லோரையும் உரத்துச் சொல்ல வைக்கிறார்கள். இருவர் இருவராக நிறுத்தி, ஒருவர் நெருங்கி வர மற்றவர் நிறுத்தச் சொல்லிப் பழக்குகிறார்கள். இது சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தயாரிப்புக்கு நேரம் செலவிடுவதால் ஆட்டம் நீர்த்துப் போகாது என்பதற்கு நோர்வேயிலேயே சான்று இருக்கிறது. எயிட்ஸ் நோய் நியூயோர்க்கின் ஒருபாலுறவாளர் சமூகத்தைத் தாக்கிய ஆண்டுகளைப் பற்றி, தூர் ஷேத்தில் எட்லாண்ட், ஹன்ன க்ராஸ்மூ ஆகிய இருவரும் வடிவமைத்த ஆட்டம் 2011இல் இங்கே முதலில் நடந்தது. 1982, 1983, 1984 ஆகிய ஆண்டுகளின் ஜூலை 4ஆம் நாள் கொண்டாட்டங்களாக மூன்று பகுதிகளில் அது நிகழும். ஆசை, நட்பு, மரணம் மூன்றும் அதில் உண்டு. அவ்வளவு கனமான ஆட்டம் மற்ற நாடுகளிலும் மீண்டும் மீண்டும் ஆடப்படுவதற்கு, ஆட்டத்துக்கு முன் நடக்கும் நீண்ட பட்டறைகளும், பகுதிகளுக்கு இடையே எல்லோரும் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து பேசிக்கொள்ளும் வேளைகளும் பெருங்காரணம் என்பது அத்துறையில் இருப்பவர்களின் பொதுவான கருத்து.

முன்கூட்டிப் பேசி வைப்பதைப் பற்றி என் வாழ்வோடு ஒட்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். என் குடும்பம் போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த குடும்பம். உள்நாட்டுப் போர் ஒன்றைக் கதைக்களமாகக் கொண்ட ஆட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, உங்களால் ஆட முடியாதவை எவை என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். சோதனைச் சாவடி வேண்டாம் என்று எழுதுவதுதான் எளிது. ஆனால் அது என்னால் ஆட முடியாத ஒன்றல்ல. அதை ஆடிப் பார்க்கவே நான் விரும்பினேன். யோசித்துப் பார்த்ததில், என்னைக் குலைப்பது ஒன்றே ஒன்று: இருட்டில் முகத்துக்கு நேரே பாய்ச்சப்படும் டோர்ச் வெளிச்சம். அதை மட்டும் எழுதினேன். ஆட்டம் தொடங்குவதற்கு முந்திய மாலை, சிப்பாயாக ஆடவிருந்த உயரமான இளைஞர் என்னைத் தேடி வந்து, தன் இடுப்பில் தொங்கிய டோர்ச்சைக் கழற்றிக் காட்டி, அதை அங்கேயே தன் முதுகுப்பையில் போட்டுவிட்டு, "மண்ணெண்ணெய் விளக்கு பிடிக்கலாமா? முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்க மாட்டேன்" என்று கேட்டார். மறுநாள் இரவு அந்த விளக்கின் வெளிச்சத்தில் என் அடையாள அட்டையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வியர்த்தது. ஆனாலும் நான் நிற்கும் நிலம் நோர்வேயின் நிலம் என்பது என் காலுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே படிவம் நிரப்புபவர்களுக்கு நான் சொல்வது, கருப்பொருளைத் தவிர்ப்பதற்கு முன், அதற்குள் எந்தத் துண்டு உங்களை வெட்டுகிறது என்று தேடுங்கள். வெளிச்சமா, ஒரு சொல்லா, கழுத்தில் படும் கையா, கதவு பூட்டப்படும் ஓசையா? துண்டைச் சொன்னால் பிறரால் அதை எளிதில் விலக்கித் தர முடியும். நிறத்தைக் குறித்த வசைச்சொற்கள் என்னை நோக்கி வேண்டாம் என்று நான் எல்லாப் படிவங்களிலும் எழுதுகிறேன். அடிமை, அகதி, அந்நியர் ஆகிய பாத்திரங்கள் தோலின் நிறம் பார்த்துத் தரப்படுகின்றனவா என்றும் நேரே கேட்கிறேன். முழுப் படிவமும் எழுதி முடித்த பின்னரும் ஏதோ உறுத்தினால் போகாமல் விடலாம். அதற்கும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டத்தின் நடுவே பாத்திரத்தை ஆட்டக்காரரின் தேவைக்கேற்ப நடத்திச் செல்வதும் ஒரு கலை. மார்க்குஸ் மொண்டோலா, யாக்கோ ஸ்டென்ரோஸ், எலெனோர் சைட்டா ஆகிய மூவரும் 2015இல் இதனை ஒரு தனித்திறனாக வகுத்து எழுதினார்கள். கதையில் நியாயமாகத் தெரியும் ஒரு செயலை, கதைக்கு வெளியே உள்ள காரணத்துக்காகச் செய்வது என்று அதைச் சுருக்கலாம். எனக்குத் தலை சுற்றுகிறது. என் பாத்திரமான மருத்துவச்சிக்கு மூலிகை தேடிப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்காருகிறேன். மண்டபத்தின் ஓரத்தில் ஒருவர் நெடுநேரமாகத் தனியே நின்று யாரும் பேசாததால் வாடிக்கொண்டிருக்கிறார். என் பாத்திரத்துக்குத் திடீரென்று ஒரு கடிதத்தை எடுத்துச் செல்ல ஆள் தேவைப்படுகிறது. இந்த இரண்டாவது வகையைத்தான் நான் ஆட்டத்திறனின் உச்சமாக மதிக்கிறேன். அரசனாக ஆடுபவர் தானாக அரசனாகிவிட முடியாது. மற்றவர்கள் பணிந்து எழுந்து நிற்பதால்தான் அவர் அரசன். கவிஞராக ஆடுபவரின் கவிதை சுமாராக இருந்தாலும், கேட்கும் பாத்திரங்கள் கண் கலங்கினால் அவர் மாகவிஞர்தான். நாட்டுக்கூத்தில் பக்கப்பாட்டுக்காரர் கூத்தரின் அடியை ஏந்தி எடுப்பது போல, ஒருவர் எடுத்த அடியை மற்றவர் ஏந்த வேண்டும். இன்று யாருக்கு நான் ஏந்தினேன் என்று இரவில் படுக்கும்போது நினைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களோடு ஆடுவது ஒரு பேறு.

ஆட்டம் முடிந்த பின்னர் நடப்பவற்றைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். பாத்திரத்தின் உணர்வு ஆட்டக்காரருக்குள்ளும், ஆட்டக்காரரின் உணர்வு பாத்திரத்துக்குள்ளும் ஊறிப் பரவுவதை எமிலி கேர் பாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2007இல் 'கசிவு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'பிளீட்' என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுவதும் லார்ப்காரர்கள் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். கசிவு தீயது அல்ல, பலர் ஆட்டத்துக்கு வருவதே அதற்காகத்தான். ஆனால் அது நடக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். மூன்று நாள் மனைவியாக ஆடியவரைப் பிரியும்போது உண்மையான துயரம் வரும். வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, அலுவலகம் சாயம் போன துணிபோல் தெரியும். இது பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். உறக்கமும் சூடான சோறும் நடையும் நண்பர்களின் பேச்சும் போதும். வாரங்கள் கடந்தும் தணியாவிட்டால் மருத்துவரிடம் போவதில் தயக்கம் வேண்டாம். இடைப்பட்ட நாட்களில் பெரிய முடிவு எதையும் எடுக்காதிருப்பது நல்லது: காதலைச் சொல்வதும், வேலையை விடுவதும், உறவை முறிப்பதும் இரண்டு வாரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

பாத்திரத்தைக் களைவதற்கு எளிய முறைகள் உண்டு. எங்கள் வட்டத்தில் வழக்கமாகச் செய்வது, பாத்திரத்தின் பொருள் ஒன்றை, ஒரு மோதிரத்தையோ தொப்பியையோ, எல்லோரும் பார்க்கக் கழற்றி நடுவில் வைத்து, அந்தப் பாத்திரத்திடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன், எதை இங்கேயே விட்டுச் செல்கிறேன் என்று ஒவ்வொரு வாக்கியம் சொல்லி, பிறகு சொந்தப் பெயரை உரக்கச் சொல்வது. அடுத்ததாக, மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுவார்கள். பேச விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம், எழுந்தும் போகலாம். பாத்திரங்கள் திரவிய மலையைக் கைப்பற்றிய வீரக்கதைகளை உடனே சொல்லத் தொடங்காமல், முதலில் ஒவ்வொருவரும் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டால்தான் அந்த நேரம் பயன்படும். வீரக்கதைகளுக்கு வீடு போகும் வழியில் பேருந்தில் வேண்டிய நேரம் இருக்கிறது.

இந்த இடத்தில் தீயவர்களாக ஆடியவர்களைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதிக்கப்பட்ட பாத்திரத்தை ஆடியவரைச் சுற்றி ஆட்டம் முடிந்ததும் பத்துப் பேர் கூடி அணைத்துக்கொள்கிறார்கள். சித்திரவதை செய்தவராக, துரோகியாக, வெறியராக ஆடியவர் ஓரத்தில் தனியே பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் நல்ல ஆட்டம் கிடைப்பதற்காக வெறுக்கப்படும் வேலையை ஏற்றுக்கொண்டவர் அவர். தன் வாயிலிருந்து வந்த சொற்கள் தனக்குள்ளேயே எங்கிருந்தோ வந்தவை என்ற கலக்கமும் அவருக்கு இருக்கக்கூடும். விசாரணை அதிகாரியாக ஆடிய அந்தச் சிறைச்சாலை ஆட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது, மேசையில் கவிழ்ந்து அழுத அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் தெர்மோஸிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்து, "நீ என் மேல் அக்கறையாக இருந்தாய்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அதைக் கேட்ட பிறகே அறிந்தேன். அன்று முதல், எனக்கு எதிராக ஆடியவரை ஆட்டம் முடிந்த அன்றே தேடிப் போய்ப் பேசுகிறேன். சில நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தியும் அனுப்புகிறேன். "அந்த இரவுக் காட்சியை நீங்கள் ஆடிய விதம் பிடித்திருந்தது, நான் நலம், நீங்கள் எப்படி?" என்ற அளவே போதும்.

தமிழ்ப் பெற்றோர் சிலர், பிள்ளை காட்டுக்குள் போய் வாள் வீசப் போகிறேன் என்று சொன்னதும் அஞ்சி என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கும், முதல் ஆட்டத்துக்குப் போகவிருக்கும் பெரியவர்களுக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். ஆட்டத்துக்கு வெளியே, விளக்கு எரியும், யாரும் நடிக்காத ஓர் அறை உண்டா? சாப்பாடும் தண்ணீரும் எந்நேரமும் கிடைக்குமா? மது அனுமதிக்கப்படுகிறதா? பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் எங்கே, யாருடன் தூங்குவார்கள்? நிறுத்தும் சொற்களைப் பட்டறையில் பழக்குகிறீர்களா, அல்லது தாளில் எழுதித் தருவதோடு சரியா? அவசர மருத்துவ உதவிக்கு 113ஐ அழைத்தால் அம்புலன்ஸ் எந்தப் பாதை வழியாக வரும்? இரவு இரண்டு மணிக்கு என் பிள்ளைக்கு முடியாமல் போனால் யாரை எழுப்ப வேண்டும்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் அவர் படுக்கும் இடமும் பதிலாக வர வேண்டும். யாராவது இருப்பார்கள் என்று பதில் வந்தால், அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.